பிரேசிலில் தொழிற்சங்கங்களை அரசு பிடியில் வைத்திருந்த முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

1930இல் ஜெட்டூலியோ வர்காஸ் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து 1985இல் ராணுவ ஆட்சி முடிந்தது வரை. இந்த 55 ஆண்டுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. 1937 முதல் 1945 வரை ‘எஸ்தாடோ நோவோ’ என்ற வர்காஸின் வெளிப்படையான சர்வாதிகாரம் நடந்தது. அடுத்து 1964 வரை தேர்தல் வழி வந்த அரசுகள். 1964 ஏப்ரலிலிருந்து ராணுவம். ஆட்சிகள் மாறினாலும் சங்கங்களை ஆண்ட சட்டம் ஏறத்தாழ ஒன்றேதான். 1943 மே 1 அன்று கையெழுத்தான தொழிலாளர் சட்டத் தொகுப்பை ராணுவம் தூக்கியெறியவில்லை. தனக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருப்பதைக் கண்டு, அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. இந்தப் பக்கம் முழுக்க இதுவே முதன்மையான செய்தி.

சங்கங்களை ஒரேயடியாகத் தடை செய்திருக்கலாமே?

ஹிட்லர் அப்படித்தான் செய்தார். 1933 மே 2 அன்று ஜெர்மனி முழுவதும் சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. வர்காஸ் போட்ட கணக்கு வேறு. 1917இல் சாவோ பாவ்லோவை முடக்கிய பொது வேலைநிறுத்தம் ஆள்வோர் நினைவில் இருந்தது. அரசியல்வாதம் வேண்டாம், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதச் சங்கங்களும் கம்யூனிஸ்டுகளும் ஆலைகளில் வேர்விட்டிருந்தார்கள். அதே சமயம் பழைய நிலப்பிரபுக்களுக்கு எதிராக வர்காஸுக்குத் தொழிலாளர் ஆதரவும் தேவைப்பட்டது. ஆகவே அழிப்பதைவிட அரசு சொன்னபடி நடக்கும் சங்கங்களை வளர்ப்பது அவருக்கு லாபமாக இருந்தது.

1930 நவம்பரிலேயே தொழிலாளர் அமைச்சகம் உருவானது. 1931 மார்ச்சில் முதல் சங்கச் சட்டம் வந்தது. அங்கீகாரம் அமைச்சகத்திடம், சங்கத்துக்குள் அரசியல், மதப் பிரசாரம் கூடாது, கூட்டத்துக்கு அரசுப் பிரதிநிதி வரலாம், கணக்கைப் பார்க்கலாம். பல சுதந்திரச் சங்கங்கள் இதை ஏற்க மறுத்தன. அரசு அவற்றோடு நேரடியாக மோதவில்லை. 1932இல் தொழில் தகராறு வாரியங்களை அமைத்தபோது, அங்கே மனு கொடுக்க அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. 1934இல் சம்பளத்தோடு விடுமுறை கேட்கவும் அதே நிபந்தனை. சுதந்திரச் சங்கத்தில் இருந்த தொழிலாளி விடுமுறையை இழந்தார், வழக்கு போடும் உரிமையையும் இழந்தார். கொள்கையில் உறுதியாக நின்ற தலைவர்களிடம் சொந்த உறுப்பினர்களே “பதிவு செய்துவிடுங்கள்” என்று கேட்கும் நிலை வந்தது. அதிலும் மசியாதவர்களுக்கு 1935க்குப் பிறகு தேசியப் பாதுகாப்புச் சட்டமும் சிறையும் காத்திருந்தன.

இது முசோலினியின் இத்தாலியிலிருந்து எடுத்த நகலா?

பெருமளவுக்கு. 1937 அரசியல் சட்டத்தின் தொழிலாளர் பிரிவில் 1927 இத்தாலியச் சாசனத்தின் சாயல் வெளிப்படை. ஆனால் இத்தாலியில் சங்கங்களைக் கையில் வைத்திருந்தது பாசிசக் கட்சி. பிரேசிலில் அப்படி ஒரு கட்சியே இல்லை, எல்லாக் கயிறும் அமைச்சகத்தின் கையில் இருந்தது. பாசிசக் கட்சி வீழ்ந்ததும் இத்தாலிய அமைப்பும் சரிந்தது. பிரேசிலில் அமைச்சகம் நிலைத்து நின்றதால் அமைப்பும் நின்றது.

ஒரு சங்கம் அங்கீகாரம் பெற என்னென்ன வேண்டும்?

1943 தொகுப்பின்படி முதலில் ‘தொழில்முறைச் சங்கம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பாகப் பதிய வேண்டும். அந்த ஊரில் அந்தத் தொழிலில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது உறுப்பினராக இருக்க வேண்டும். தலைவர் பிரேசிலில் பிறந்தவராக இருக்க வேண்டும். (இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்தவர்களே பழைய போராட்டச் சங்கங்களின் முதுகெலும்பு. இந்த விதி யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயமில்லை.) விதிமுறைகளை அமைச்சகத்துக்கு அனுப்பி, அமைச்சர் ஒப்பினால் அங்கீகாரப் பத்திரம் வரும். அதன் பிறகே அது சட்டப்படி தொழிற்சங்கம்.

முடிச்சு அடுத்த விதியில் இருக்கிறது. ஒரு தொழில், ஒரு ஊர், ஒரே சங்கம். ஏற்கெனவே ஒன்று இருந்தால் இரண்டாவதற்கு இடமில்லை. எது ‘ஒரு தொழில்’ என்பதை அமைச்சகத்தின் வகைப்பாட்டுப் பட்டியல் முடிவு செய்யும். பொதுவாக முதலாளியின் தொழிலே தொழிலாளியின் வகை. உலோக ஆலையின் சமையற்கூடத்தில் வேலை செய்பவரும் உலோகத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர். ஓட்டுநர் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் தனி வகை.

இதனால் சங்கத் தலைமை விலைபோய்விட்டால் வெளியேறி வேறு சங்கம் தொடங்க வழியில்லை. அந்தச் சங்கத்தின் தேர்தலில் வென்றே தீர வேண்டும். ஆலைக்குள் சங்கக் கிளைக்கும் சட்டத்தில் இடம் கிடையாது. சங்கம் என்றால் ஊர்ப் பொதுவான ஒரு கட்டடம், அவ்வளவுதான்.

மேல்தளமும் இப்படித்தான். குறைந்தது ஐந்து சங்கங்கள் சேர்ந்தால் கூட்டமைப்பு, மூன்று கூட்டமைப்புகள் சேர்ந்தால் தலைநகரில் பேரமைப்பு. ஆனால் எல்லாம் ஒரே தொழில் வரிசைக்குள். வங்கி ஊழியரும் துறைமுகத் தொழிலாளியும் நெசவாளியும் ஒரே மேடையில் சேரும் மத்திய அமைப்புக்கு அனுமதி இல்லை. 1962இல் உருவான தொழிலாளர் பொதுக் கட்டளையகம் சட்டத்துக்கு வெளியே நின்றே இயங்கியது. 1964இல் ராணுவம் முதலில் நசுக்கியவற்றில் அது ஒன்று. கூட்டமைப்பின் வாக்கெடுப்பில் பத்தாயிரம் பேர் கொண்ட சங்கத்துக்கும் பெயரளவில் இருக்கும் சங்கத்துக்கும் ஒரே மதிப்பு. காகிதச் சங்கங்களை வைத்திருந்தவர் கூட்டமைப்பையே பிடித்துவிடலாம்.

சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

1940இல் வந்த ‘சங்க வரி’யிலிருந்து. எல்லா நுணுக்கங்களிலும் ஆழமாகக் கெடுத்தது இதுதான் என்பது எங்கள் கருத்து. உறுப்பினரோ இல்லையோ, பதிவு பெற்ற ஒவ்வொரு தொழிலாளியிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு நாள் கூலி பிடிக்கப்பட்டது. முதலாளி மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்து அரசு வங்கியில் கட்டுவார். பின்னாளில் நிலைபெற்ற பங்கீடு: சங்கத்துக்கு 60%, கூட்டமைப்புக்கு 15%, பேரமைப்புக்கு 5%, அமைச்சகத்தின் கணக்குக்கு 20%. மாதச் சம்பளம் 300 என்றால் பிடித்தம் 10. அதில் சங்கத்துக்கு 6, கூட்டமைப்புக்கு ஒன்றரை, பேரமைப்புக்கு அரை, அரசுக்கு 2.

தலைவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஊரில் அந்தத் தொழிலில் 20,000 பேர் இருந்தால், உறுப்பினர் 500 பேரானாலும் 20,000 பேரின் பணம் வந்துசேரும். புது உறுப்பினரைச் சேர்த்தால் வரியில் ஒரு காசும் கூடாது. ஆனால் மருத்துவம், பல் வைத்தியம், வக்கீல் என்று செலவு கூடும், அடுத்த தேர்தலில் எதிர்த்து வாக்களிக்க ஓர் ஆளும் கூடும். ஆகவே உறுப்பினர் எண்ணிக்கையைச் சிறிதாக வைத்திருப்பதே பதவியைக் காக்கும் வழியாயிற்று. இப்படிப்பட்ட தலைவர்களைத் தொழிலாளர்கள் ‘பெலேகோ’ (குதிரைச் சேணத்தில் போடும் ஆட்டுத்தோல்) என்று ஏசினார்கள்.

அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குச் செலவிட முடியாதா?

முடியாது. எதற்குச் செலவிடலாம் என்று சட்டமே பட்டியலிட்டது: மருத்துவம், பல் மருத்துவம், பிரசவ உதவி, சட்ட உதவி, பள்ளி, நூலகம், கூட்டுறவுக் கடை, விடுமுறை விடுதி, ஈமச் சடங்கு உதவி. வேலைநிறுத்த நிதி அதில் இல்லை. வரவுசெலவுத் திட்டமும் அமைச்சகத்தின் கண்பார்வைக்குப் போக வேண்டும். கணக்கு அரசு வங்கியில் இருந்ததால் முடக்குவதற்கு ஒரு கடிதம் போதும்.

‘இடையீடு’ என்றால் என்ன? நடைமுறையில் எப்படி நடக்கும்?

நம் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தைக் கலைத்துத் தனி அலுவலரைப் போடுவதை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். சங்கத்தில் ‘பூசல்’ என்றோ, ‘தேசியப் பாதுகாப்பு’ என்றோ காரணம் காட்டி அமைச்சர் ஆணையிடலாம். நீதிமன்ற அனுமதி தேவையில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகள் பதவி இழப்பார்கள். அமைச்சகம் நியமித்த ஆளோ குழுவோ வந்து சாவி, உறுப்பினர் பதிவேடு, காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். நீக்கப்பட்டவர்கள் மறுபடி சங்கப் பதவிக்குப் போட்டியிட முடியாது. பிறகு ‘இயல்பு நிலை’ திரும்பியதும் அமைச்சகத்தின் மேற்பார்வையில் தேர்தல்.

1964 ஆட்சிக் கவிழ்ப்பை அடுத்து நூற்றுக்கணக்கான சங்கங்களில் இது நடந்தது. பெரிய சங்கங்களே முதல் இலக்கு. சிறு சங்கங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. அவை தாமாகவே அடங்கிக் கிடந்தன. கவனிக்க வேண்டியது, இந்த அதிகாரத்துக்காக ராணுவம் புதுச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியிருக்கவில்லை. 1943 தொகுப்பின் 528ஆவது பிரிவே போதுமாயிருந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் வந்த தேர்தல் வழி அரசுகள் அந்தப் பிரிவை நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை, 1947இல் அதிபர் டூட்ராவின் அரசு தாராளமாகப் பயன்படுத்தவும் செய்தது.

சங்கத் தேர்தலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாமா?

அரசியல் போலீஸிடமிருந்து ‘கொள்கைச் சான்றிதழ்’ வாங்கிவர வேண்டிய காலங்கள் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது, 1964க்குப் பிறகு அதே சல்லடை திரும்பியது. வேட்பாளர் பட்டியலை அமைச்சகம் வெட்டலாம்.

வேலைநிறுத்தம் சட்டப்படி சாத்தியமாக இருந்ததா?

1937 அரசியல் சட்டம் வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் சமூக விரோதம் என்று அறிவித்துத் தடுத்தது. 1964 ஜூன் 1இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த 4330ஆம் எண் சட்டமோ வேலைநிறுத்த ‘உரிமை’யை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிக்கொண்டது. அதன் படிகள் இவை. சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும். முதல் அழைப்பில் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும். வராவிட்டால் அடுத்த அழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. ரகசிய வாக்கெடுப்பு. கோரிக்கையை எழுத்தில் முதலாளிக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்து ஐந்து நாள் பொறுக்க வேண்டும், அத்தியாவசியத் தொழில் என்றால் பத்து நாள். இடையில் அமைச்சகத்தின் சமரச முயற்சி, பிறகு தொழிலாளர் நீதிமன்றம்.

வழுக்கும் இடங்கள் பல. அறிவிப்பு முதல் நிறுத்தம் வரை வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் முதலாளி சரக்கைக் குவித்துவிடுவார், முன்னணித் தொழிலாளர்களை வெளியே அனுப்பிவிடுவார். அரசியல், சமூகக் காரணங்களுக்காகவோ வேறொரு ஆலைத் தொழிலாளருக்கு ஆதரவாகவோ நிறுத்தினால் சட்டவிரோதம். அரசு ஊழியருக்கு அறவே கிடையாது. ஊதிய உயர்வை அரசே சூத்திரம் போட்டு நிர்ணயித்ததால் அதற்கு நிறுத்துவதும் பலனற்றது. கடைசியில் மிஞ்சியது, கொடுக்காத சம்பளப் பாக்கிக்கான வேலைநிறுத்தம் ஒன்றுதான். 1968இல் ஏப்ரலில் கொன்டாஜெமிலும் ஜூலையில் ஒசாஸ்கோவிலும் உலோகத் தொழிலாளர்கள் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி வேலையை நிறுத்தினார்கள். ஒசாஸ்கோவில் படை புகுந்தது, சங்கம் பறிபோனது. அந்த டிசம்பரில் ராணுவ ஆட்சிக்கு வரம்பற்ற அதிகாரம் தந்து வந்த ஐந்தாவது நிறுவனச் சட்டத்துக்குப் பிறகு பத்தாண்டு ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன.

ஊதியச் சூத்திரம் எப்படி வேலை செய்தது?

தடியடியைவிட இந்தச் சூத்திரமே அதிகக் குடும்பங்களின் வயிற்றில் அடித்தது. ஆகவே சற்று விரிவாக.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஆண்டில் ஒரு ‘ஊதியத் தேதி’ உண்டு. முன்பு அந்தத் தேதியில் பேச்சுவார்த்தை முறிந்தால் தொழிலாளர் நீதிமன்றம் விலைவாசியைப் பார்த்து உயர்வு சொல்லும். 1960களின் நடுவில் நீதிமன்றத்தின் கையையும் அரசு கட்டிவிட்டது. புது ஊதியம் மூன்று உருப்படிகளால் ஆனது: கடந்த 24 மாதச் சராசரி உண்மை ஊதியம், அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் விலையேற்றத்தில் பாதி, உற்பத்தித்திறனுக்காகச் சிறு தொகை. மூன்றுக்கும் எண்களை அரசே தரும்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவரின் ஊதியம் உயர்ந்த அன்று 100. விலைவாசி தின்றதில் இரண்டாண்டுச் சராசரி 80. அடுத்த ஆண்டு விலையேற்றம் 10% என்று அரசு சொல்கிறது. அதில் பாதி 5%. உற்பத்தித்திறனுக்கு 2%. புது ஊதியம் 80ஐ 1.05ஆலும் 1.02ஆலும் பெருக்கினால் வரும் 85.7. முன்பு தொட்ட 100 இனி கணக்கிலேயே இல்லை. விலை உண்மையில் 10% மட்டும் ஏறினால் ஆண்டுச் சராசரி 80க்குச் சற்று மேலே நிற்கும். 25% ஏறினால் ஆண்டு முடிவில் ஊதியம் 68.5க்குச் சரியும், சராசரி சுமார் 77. அடுத்த ஆண்டுக் கணக்கு இந்தக் குறைந்த சராசரியிலிருந்து தொடங்கும். முன்கணிப்பைக் குறைத்துச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஆண்டும் ஒரு படி கீழே. சூத்திரத்தின் தொடக்க ஆண்டுகளில் அரசின் முன்கணிப்பு உண்மை விலையேற்றத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

1973இல் விலைக் குறியீட்டையே குறைத்துக் காட்டினார்கள். உலக வங்கியின் ஆவணம் ஒன்றில் வேறு எண் இருந்தது 1977இல் பத்திரிகையில் வெளியானது. சங்கங்கள் தாமே 1955இல் தொடங்கிய புள்ளிவிவர நிறுவனமான ‘தியேசே’ கணக்குப் போட்டு, உலோகத் தொழிலாளர் இழந்தது 34.1% என்றது. சாவோ பாவ்லோவுக்கு அருகே கார் ஆலைகள் நிறைந்த சாவோ பெர்னார்டோவின் உலோகத் தொழிலாளர் சங்கம் அந்த எண்ணை வைத்தே இயக்கம் நடத்தியது. சொந்தமாக விலைக் கணக்கெடுக்கும் அமைப்பு ஒன்றை வைத்திருந்ததன் பயன் அன்று தெரிந்தது.

வேலைப் பாதுகாப்பு என்ன ஆயிற்று?

பழைய சட்டப்படி ஒரே நிறுவனத்தில் பத்தாண்டு முடித்தவரைக் கடும் குற்றத்தை நிரூபிக்காமல் நீக்க முடியாது. 1966 செப்டம்பரில் வேறொரு திட்டம் வந்தது. முதலாளி மாதம் 8% ஒரு நிதியில் கட்டுவார், நீக்கினால் தொழிலாளி அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இது தொழிலாளியின் விருப்பம். நடைமுறையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஊதியத் தேதிக்கு முன்பு ஆட்களை நீக்கிவிட்டு, பிறகு குறைந்த சம்பளத்தில் புது ஆட்களை எடுப்பது பல ஆலைகளின் வழக்கமாயிற்று. சங்கத்தில் வாய் திறந்தவர் அந்தப் பட்டியலில் முதலில் இருப்பார்.

ஆலைக்குள் கண்காணிப்பு யார் பொறுப்பு?

நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவும் அரசியல் போலீஸும் கைகோத்தே செய்தன. நீக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்கள் ஆலைக்கு ஆலை போயின. பெயர் ஏறியவருக்கு அந்த வட்டாரத்தில் வேலை இல்லை. சாவோ பெர்னார்டோ வோக்ஸ்வாகன் ஆலையில் தொழிலாளர்களைப் பற்றிய தகவல்கள் போலீஸுக்குத் தரப்பட்டது குறித்த விசாரணை, 2020இல் அரசு வழக்கறிஞர்களோடு ஒப்பந்தமாகி முடிந்தது. நிறுவனம் சுமார் 3 கோடியே 60 லட்சம் ரியால் தர ஒப்புக்கொண்டது.

கிராமப்புறத் தொழிலாளர்கள்?

1943 தொகுப்பு அவர்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டது. 1963இல்தான் அவர்களுக்கென்று சட்டம் வந்தது. மறு ஆண்டே ராணுவம் விவசாயிகள் கழகங்களை அழித்தது. 1971க்குப் பிறகு கிராம முதியோர் ஓய்வூதியத்துக்கான தாள்களும் மருத்துவ உதவியும் சங்கங்கள் வழியே போனதால், பல கிராமச் சங்கங்கள் அரசு அலுவலகத்தின் திண்ணை போலாயின.

எல்லாத் தலைவர்களும் விலைபோனவர்களா?

இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம். மருத்துவமனை இல்லாத ஊரில் சங்கத்தின் மருத்துவரே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார். எதிர்த்தால் அந்தச் சேவையும் சேர்ந்து போகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வேறு தூண்டில்களும் இருந்தன. தொழிலாளர் நீதிமன்றத்தில் சங்கம் முன்மொழிபவர்களிலிருந்து ‘வர்க்கப் பிரதிநிதி நீதிபதி’ நியமிக்கப்படுவார்; நல்ல சம்பளம். அந்தப் பதவியைக் கண்வைத்தவர் அமைச்சகத்தைப் பகைக்க மாட்டார். இந்தப் பதவி 1999இல்தான் ஒழிந்தது.

பிறகு எப்படித்தான் உடைந்தது?

1978 மே 12 அன்று சாவோ பெர்னார்டோவில் ஸ்கானியா லாரி ஆலைத் தொழிலாளர்கள் உள்ளே வந்து, அட்டை அடித்து, இயந்திரத்தை இயக்காமல் கைகட்டி நின்றார்கள். வாசலில் மறியல் இல்லை, ஊர்வலம் இல்லை. போலீஸ் கலைப்பதற்குக் கூட்டமும் இல்லை. சங்கம் முறைப்படி அறிவிக்காததால் சங்கத்தின்மேல் உடனே பாயவும் முடியவில்லை. சில வாரங்களில் இது சுற்றியுள்ள ஆலைகளுக்குப் பரவியது. நிறுவனங்கள் சூத்திரத்தை மீறி நேரடியாகப் பேச வேண்டி வந்தது.

1979 மார்ச்சில் வட்டாரம் முழுவதும் நிறுத்தம். கட்டடம் கொள்ளாததால் பேரவை விலா யூக்ளிடெஸ் கால்பந்து மைதானத்தில் கூடியது. முதல் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லை. தலைவர் லூலா சொல்வதை முன்வரிசை திருப்பிச் சொல்ல, அடுத்த வரிசை வாங்கிப் பின்னே கடத்தியது. மார்ச் 23 அன்று அரசு சங்கத்தைக் கைப்பற்றியது. ஆனாலும் தொழிலாளர்கள் நீக்கப்பட்ட தலைவர்களையே பின்பற்றியதால், தனி அலுவலரோடு பேசிப் பயனில்லை என்று முதலாளிகளுக்கே புரிந்தது. மே மாதம் தலைமை திரும்பியது.

1980 ஏப்ரல் 1இல் தொடங்கிய நிறுத்தம் 41 நாள் நீடித்தது. மறுபடி இடையீடு, லூலா 31 நாள் சிறையில். இம்முறை ஆயத்தம் முன்பே நடந்திருந்தது: வேலைநிறுத்த நிதி சங்கக் கணக்குக்கு வெளியே தனியாக இருந்தது, அரிசியும் பயறும் சேர்த்துப் பிரித்துக்கொடுக்கத் தேவாலயங்கள் இடம் தந்தன, கட்டடம் பறிபோனதும் கூட்டம் அங்கேயே கூடியது. உயர்வு எதுவும் பெறாமலே வேலைக்குத் திரும்பினார்கள், பலர் வேலையும் இழந்தார்கள். ஆனாலும் சங்கத்தைப் பூட்டினால் இயக்கம் நின்றுவிடும் என்ற அரசின் நாற்பதாண்டு நம்பிக்கை அங்கே பொய்த்தது. 1983 ஆகஸ்டில் அதே ஊரில், சட்டம் தடுத்த மத்திய அமைப்பை வெளிப்படையாகவே தொடங்கினார்கள்.

ஆட்சி போனதும் சட்டமும் போனதா?

பாதி போனது. 1988 அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவு அரசின் இடையீட்டைத் தடை செய்தது, முன் அனுமதியையும் நீக்கியது. ஆனால் ஒரு ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம் என்ற விதியும் சங்க வரியும் அப்படியே நின்றன. அவற்றைக் காக்க இடதுசாரிச் சங்கங்களும் வாதாடின. சிதறிப்போவோம் என்ற அச்சம் ஒரு காரணம், பணம் மறு காரணம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்க சுதந்திர உடன்படிக்கையான 87ஐ பிரேசில் இன்றுவரை ஏற்கவில்லை, இந்த ஒற்றைச் சங்க விதி அதோடு மோதுவதால்.

கட்டாய வரி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் திருத்தத்தோடு முடிந்தது. தொழிலாளி முன்கூட்டி ஒப்பினால்தான் பிடிக்கலாம் என்றானதும் சங்கங்களின் வரி வருவாயில் பெரும்பகுதி ஒரே ஆண்டில் மறைந்தது. வக்கீலும் மருத்துவரும் போனார்கள், கட்டடங்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் பணம் கட்டாதவருக்கும் சேர்த்தே ஒப்பந்தம் பேசும் கடமை சங்கத்தின் தலையில் இன்னும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கூட்டு ஒப்பந்தத்தின் பேரில் உறுப்பினர் அல்லாதவரிடமும் ஒரு கட்டணம் வாங்கலாம், மறுக்கும் உரிமையைத் தர வேண்டும் என்றது.